பரண்மேல் உறங்கும் வரலாறு

1982-ஆம் ஆண்டில் ‘கிரிட் காம்பஸ்’ என்னும் மடிக்கணினி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அதன் விலை 8,000 டாலருக்கும் மேல். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னரே, இராமசாமி ரெட்டியாரால் பெயர்பெற்ற ஓமந்தூர் போன்ற சிற்றூர்களின் எளிய இல்லங்களுக்கும் அக்கருவி எட்டியது.

அன்று வந்தவற்றுள் பல இன்று பரண்மேல் உறங்குகின்றன. பொத்தானை அழுத்தியும் ஒளி வராவிடில், உயிர் போயிற்று என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், பல வேளைகளில் பழுதுற்றது பேட்டரி மட்டுமே. மின்னிணைப்பை நீக்கி, பேட்டரியைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னூட்டம் வடியும். பின்னர் அடாப்டரை மட்டும் இணைத்தால் சில கணினிகள் விழித்தெழும். வீங்கிய பேட்டரிக்கு மீண்டும் மின்னேற்றுதல் ஆபத்தானது.

எழுந்த கணினி ஏதோ பழைய தேதியைக் காட்டக்கூடும். கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்ததே காரணம். ஆனால், வன்தட்டிலுள்ளவை காந்தப் பதிவுகளாதலால் மின்சாரமின்றியும் நிலைக்கின்றன. காலத்தை மறந்த பொறி, நம் பாட்டியின் முகத்தை மறப்பதில்லை!

முன்னோர் வரலாற்றைக் கடிதக் கட்டுகளில் தேடினோம். இத்தலைமுறையின் வரலாறோ வன்தட்டுகளில் உள்ளது. வன்தட்டும் என்றேனும் பழுதுறும். எனவே, பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் கணினியை ஒருமுறை எழுப்பிப் பார்ப்போம். எழாவிடினும், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் படியெடுத்துக்கொள்வோம். தேதியை எவரும் திருத்திவிடலாம். எடைக்குப் போன நினைவுகளை மீட்பார் யார்?