படிகப்பச்சையும் பரங்கிமலையும்

தாம்பரம் முதல் பரங்கிமலை வரையுள்ள ஊர்களின் நகைக்கடைகளில் ராசிக்கல் விற்கப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். அதனோடு, பிறந்த மாதத்திற்கொரு கல் என்னும் மேனாட்டு வழக்கமும் இப்போது சேர்ந்துள்ளது. மார்ச்சு மாதத்தில் பிறந்தோருக்குக் கடல்நீரின் நிறமுடைய அக்வாமரீன் உரியதென்பர். நம் சபையார் சிலரும் இத்தகைய மோதிரம் அணிகின்றனர். ஏனென்று வினவினால், ஆரோனின் மார்ப்பதக்கத்திலும் புதிய எருசலேமின் அஸ்திபாரங்களிலும் பன்னிரண்டு கற்கள் உண்டே என்று வேதாகமத்தையே சான்று காட்டுகின்றனர். இவ்விடையை நகைத்துத் தள்ளுவதும் கடிந்து அடக்குவதும் எளிது. ஆயினும் அதன் வரலாற்றை ஆராய்ந்தபின் விடை கூறுவதே போதகருக்குத் தகும்.

அக்வாமரீன் என்பது பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. மரகதமும் அதே இனத்தைச் சேர்ந்தது. சிறிதளவு இரும்பு கலந்திருப்பதால் அக்வாமரீன் நீலமும் பசுமையும் விரவிய நிறம் பெறுகிறது. இக்கல் நமக்கு அந்நியமானதன்று. கொங்கு நாட்டில் காங்கயத்திற்கு அருகிலுள்ள படியூர் இதற்குப் பெயர்பெற்ற இடம். 1819–20ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே சுரங்கம் வெட்டியபோது 2,000க்கும் மேற்பட்ட கற்கள் கிடைத்தன. நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், பெரில், நீலக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றின் மூலக்கற்களும், பாதி வேலை முடிந்த மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் எனக் குறிப்பிடும் அணிகலத் தொழிலூர் இதுவே என்பது ஆய்வாளர் முடிவு. கொங்கு நாட்டில் கிடைத்த உரோமக் காசுப் புதையல்கள் இவ்வாணிகம் எத்திசை நோக்கிச் சென்றதென்பதைக் காட்டுகின்றன.

கி.பி. 79இல் மறைந்த பிளினி, பெரில் இந்தியாவிலன்றிப் பிற இடங்களில் அரிதாகவே கிடைக்கும் என்றும், தெளிந்த கடலின் பசுமையை ஒத்ததே சிறந்தது என்றும், அதன் ஒளியை மிகுவிக்க அறுகோணமாகப் பட்டை தீட்டுவர் என்றும் எழுதியுள்ளார். முதல் நூற்றாண்டின் இறுதியில், தீத்து பேரரசனின் மகள் யூலியாவின் உருவத்தை யூவொதோஸ் என்னும் கிரேக்கக் கலைஞர் ஓர் அக்வாமரீனில் செதுக்கினார். அது பிற்காலத்தில் பிரான்சு நாட்டின் புனித தெனி மடத்துத் திருப்பண்டப் பேழையின் உச்சியில் பதிக்கப்பட்டு, கன்னி மரியாளின் உருவமென மதிக்கப்பட்டது. இன்று அது பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. எருசலேமை அழித்தவனின் மகள் ஆலயத்தில் மரியாளாகக் கருதப்பட்டாள். கல் மாறவில்லை, அதற்குத் தரப்பட்ட பொருளே மாறிற்று.

பெயரும் இவ்வாறே பயணம் செய்தது. பெரில்லோஸ் என்னும் கிரேக்கச் சொல் பிராகிருத வேளுரியத்திலிருந்து பிறந்தது. வைடூரியம் என்பதும் அச்சொல்லின் உறவே. இன்று நாம் வைடூரியம் என்பது பூனைக்கண் போன்ற வேறொரு கல். வழக்கிலுள்ள தமிழ் வேதாகமம் வெளிப்படுத்தின விசேஷம் 21:20இல் எட்டாம் கல்லாகிய பெரில்லோசைப் படிகப்பச்சை என்றும், பத்தாம் கல்லாகிய கிரிசொபிராசோசை வைடூரியம் என்றும் பெயர்க்கிறது. யாத்திராகமம் 28:20இல் படிகப்பச்சை என வருவதன் எபிரெய மூலம் தர்ஷீஷ். எழுபதின்மர் அதனைக் கிரிசொலித்தோஸ் எனப் பெயர்த்தனர். கற்களின் அடையாளமே இவ்வளவு ஐயத்திற்கு இடமளிக்கையில், இன்ன கல் இன்னாருக்கு நன்மை தருமென்பதற்கு இவ்வசனங்களைச் சான்றாக்குவது எங்ஙனம்?

பன்னிரு கற்களை மாதங்களோடும் இராசி மண்டலத்தோடும் பொருத்தியது மோசேயின் நூலன்று. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் கூறிய விளக்கமே அது. இன்று கடைகளில் காணும் பட்டியலோ, 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கான்சாஸ் நகரில் கூடி வகுத்தது. அதில் மார்ச்சுக்கு இரத்தக்கல்லும் அக்வாமரீனும் குறிக்கப்பட்டன. பழமையான மறைபொருள் என நம் மக்கள் எண்ணுவது பெரும்பகுதி வணிகரின் ஏற்பாடேயாகும்.

திருச்சபையின் மரபில் வேறொரு விளக்கமும் உண்டு. செசரியாவின் பேராயர் அந்திரேயா, வெளிப்படுத்தின விசேஷத்திற்கு எழுதிய உரையில் பன்னிரு கற்களையும் அப்போஸ்தலர்களுக்கு உரியனவாக்கினார். கடலும் வானும் போன்ற நிறமுடைய பெரிலை அவர் தோமாவுக்கு அளித்தார். தோமா நெடுங்கடல் கடந்து இந்தியாவரை சென்று இரட்சிப்பை அறிவித்தார் என்பதே அவர் கூறிய காரணம். அவர் அறியாதவொன்றை நாம் அறிவோம்: தோமாவின் கல் தோமாவின் நாட்டிலிருந்தே சென்றது. அவர் இரத்தசாட்சியாக மரித்த இடமென மரபு கூறும் பரங்கிமலையில், பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையொன்றைப் போர்த்துக்கேயர் 1547இல் கண்டெடுத்தனர். தோமாவின் வருகையை வரலாற்றாசிரியர் பலவாறு மதிப்பிடுவர். ஆயினும் அச்சிலுவை, ஐரோப்பியர் வருமுன்னரே இங்கு கிறிஸ்தவர் வாழ்ந்தமைக்கு மறுக்கவியலாத சான்று.

எனவே மோதிரத்தோடு வரும் விசுவாசிக்கு நாம் கூறத்தக்கது யாது? ஆரோனின் கற்களில் பொறிக்கப்பட்டவை இஸ்ரவேல் புத்திரரின் நாமங்கள். ஆசாரியன் தன் நலத்திற்காக அவற்றை அணியவில்லை. பிறரைத் தன் இருதயத்தின்மேல் சுமந்து தேவசந்நிதியில் நினைவுகூரவே அணிந்தான். அந்திரேயாவின் உரையிலும் கல் அனுப்பப்பட்டவனின் நெடும்பயணத்தையே குறித்தது. ராசிக்கல் அணிவோரின் அச்சம் மெய்யானது. வேலையின்மையும் நோயும் மகளின் திருமணமும் அதன் பின்னால் நிற்கின்றன. அவ்வச்சத்தைக் கேளாமல் கல்லை மட்டும் கழற்றச் சொல்லும் போதகர், மார்ப்பதக்கத்தின் பொருளைத் தாமும் உணராதவரே. அவர்தம் பெயரை நம் ஜெபத்தில் சுமப்போமாக. கல்லைப்பற்றிய உரையாடல் அதன்பின் வரட்டும்.