மாத்தளை மலைவீதியும் மூன்று தண்டுகளும்



மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் உச்சிக்கு ஏறி, அப்பால் இலுக்கும்புரைக்கு இறங்கும் மலைவீதியிற் பிரயாணம் செய்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே கடினம். நீண்ட இறக்கத்திலே பிரேக்கை மாத்திரம் நம்பினால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தாழ்ந்த கியரிலே யந்திரமே சக்கரங்களைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். ஆகவே, சாரதியின் கையருகே நிற்கும் கியர் தண்டுகள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பது இம்மலைநாட்டில் உயிர் சம்பந்தமான விஷயமாகும்.

கோப்பிக் காலத்திலே நம்மவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். 1880-ம் ஆண்டில் புகையிரதம் மாத்தளை வரை வந்தது. அங்கேயே நின்றும் விட்டது. அதற்கு மேலேயுள்ள தோட்டங்களுக்கு மாட்டுவண்டியும் மனிதத் தோளுமே கதி. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும் தூளி கட்டித்தான் சுமந்து இறக்க வேண்டியிருந்தது.

1944-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். அந்த யுத்த காலத்திலேதான் மலைநாடு ஜீப் வண்டியைக் கண்டது. அதில் தண்டுகள் மூன்று. நீண்ட தண்டு மூன்று கியர்களை மாற்றுவது. குட்டையான இரண்டில் ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசையைச் சேர்க்கும். மற்றது உயர்ந்த வரிசையையோ தாழ்ந்த வரிசையையோ தெரிவு செய்யும். முன்சக்கரங்களைச் சேர்க்காமல் தாழ்ந்த வரிசைக்குப் போக முடியாதபடி உள்ளே ஒரு தடை வைத்திருந்தார்கள். அவ்வரிசையின் பெரும் விசை முழுவதையும் பின்அச்சு ஒன்றே தாங்கலாகாது என்பது காரணம். இன்னொன்று: சாரதி அமர்வது இடப்பக்கம். முன்னே செல்லும் லொறியை முந்துவதற்கு அது பெரும் இடைஞ்சல். ஆனால், இடப்புறப் பள்ளத்தின் விளிம்பு மாத்திரம் நன்றாகத் தெரியும்!

ஜீப்பை முன்மாதிரியாகக் கொண்டு இங்கிலாந்தில் உருவான லான்ட் ரோவர், 1948-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அதிலே நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை உண்டு. ஆனால் முன்சக்கரங்கள் இடையிலே ஒரு சுழல்பூட்டின் வழியாகவே அவ்விசையைப் பெற்றன. காலடியிலுள்ள ஒரு வளையத்தை இழுத்தாலன்றி அப்பூட்டு இறுகாது. ஏறும்போது குறையொன்றுமில்லை. இறங்கும்போதோ, வளையத்தை இழுக்க மறந்தவனுடைய முன்சக்கரங்கள் யந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டுத் தாமாகவே உருளும்! பின்சக்கரங்கள் இரண்டே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். சமவெளி வயலுக்கு அது போதும்; மழையில் நனைந்த தோட்டப் பாதைக்குப் போதாது.

1950-ம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த வளையம் நீங்கியது. மஞ்சட் குமிழும் சிவப்புக் குமிழும் கொண்ட இரு தண்டுகள் வந்தன. மஞ்சளைக் கீழே அழுத்தினால் உயர்ந்த வரிசையில் முன்சக்கரங்கள் சேரும். சிவப்பைப் பின்னே இழுத்தால் தாழ்ந்த வரிசை கிட்டும். முன்சக்கரங்களும் தாமே சேர்ந்துகொள்ளும். அந்நிலையில் முதற் கியரிலே சக்கரம் ஒரு முறை சுழல யந்திரம் ஏறத்தாழ 40 முறை சுழலும். அழுத்திய மஞ்சட் குமிழைக் கையால் மேலே இழுத்து விடுவிக்க முடியாது. வண்டியை நிறுத்தி, சிவப்பைப் பின்னே இழுத்து, மீண்டும் முன்னே தள்ளினால்தான் அது துள்ளி எழும். புதியவர்கள் இதனைத் தொல்லை என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சறுக்கும் பாதையின் நடுவிலே கை தவறிப்பட்டு முன்சக்கரங்கள் விலகிப்போக அது இடங்கொடுக்காது. நம் மலைகளுக்கு அதனினும் பொருத்தமான அமைப்பு அக்காலத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1997-ல் வந்த ஃபிரீலான்டர் வண்டியில் தாழ்ந்த வரிசையே கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் மின்னணுச் சாதனம் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வண்டியை இறக்கும். 2012-ன் ரேஞ்ச் ரோவரில் கியர் தண்டுக்குப் பதிலாகத் திருகு குமிழ் ஒன்றே இருந்தது. வசதிதான், மறுக்கவில்லை.

எனினும், பழைய லான்ட் ரோவர்கள் மலைநாட்டில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோர் ஒன்றை மறக்கலாகாது. உயர்ந்த வரிசைக்கும் தாழ்ந்த வரிசைக்கும் நடுவே எதிலும் பொருந்தாத வெற்றுநிலை ஒன்றுண்டு. இறங்கிக்கொண்டிருக்கும்போது சிவப்புத் தண்டை இழுத்தால், பற்கள் பொருந்தாமல் உறுமும். தண்டு நடுவில் நின்றுவிடும். நான்கு சக்கரங்களும் யந்திரத்தின் பிடியை இழக்கும். ரிவஸ்டன் உச்சியிலே, இறக்கம் தொடங்குமுன், வண்டியை முற்றாக நிறுத்திவிட்டுத்தான் அதனை இழுக்க வேண்டும்.