திருவொற்றியூர் பலூனும் வீட்டுப் பிறந்தநாளும்

1946-ல் எங்கள் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் கே.எம். மம்மன் மாப்பிள்ளை. குடும்பத்தார் நடத்திய வங்கி 1938-ல் மூடப்பட்டு, சொத்தெல்லாம் போய், அப்பாவும் சிறைக்குப் போன வீட்டுப் பிள்ளை அவர். செய்த பலூனைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக அவரே ஏறி இறங்கி விற்றார். 1949-ல் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் வந்தது. ரப்பர் பொம்மை, கையுறை என்று சரக்கும் கூடியது. 1952-ல் தேய்ந்த டயர் மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பரில் இறங்கினார்கள். அந்த நிறுவனம்தான் எம்.ஆர்.எஃப். அந்தப் பேரைக் கேட்டால் இன்று எல்லாருக்கும் டயர்தான் ஞாபகம் வரும். குழந்தைகளோடு பால்வாடியில் காலம் கழித்த எனக்கு, பலூன்தான் முதலில் ஞாபகம் வரும்.

பலூன் செய்யும் விதம் கேட்க எளிதாக இருக்கும். ரப்பர் பால் உறைந்துபோகாமல் இருக்க அதில் அம்மோனியா கலந்திருப்பார்கள். பக்கத்தில் போனாலே நெடி மூக்கில் ஏறும். அந்தப் பாலில் சாயம் கலந்து, பலூன் வடிவ அச்சுகளை அதில் முக்கி எடுக்க வேண்டும். பால் பிடிப்பதற்காக அச்சில் முன்பே கால்சியம் நைட்ரேட் கரைசல் பூசியிருக்கும். முழுக்கக் காய்வதற்குள் வாய்ப் பக்கத்தைச் சுருட்டிவிடுவார்கள். ஊதும்போது உதட்டில் தடிப்பாகப் படுகிற வளையம் அப்படி வந்ததுதான். பிறகு சூட்டில் பதப்படுத்தி, பொடி தூவி உரித்தெடுப்பார்கள்.

உலகின் முதல் ரப்பர் பலூன் குழந்தைக்காகச் செய்ததல்ல. 1824-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஹைட்ரஜனை அடைத்துவைப்பதற்காக இரண்டு ரப்பர் தாள்களை ஓரம் சேர்த்து அழுத்தி, உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவிச் செய்தார். 1931-ல் அமெரிக்காவில் நீல் டில்லட்சன் என்பவர் அட்டையில் பூனைத் தலை வெட்டி, அதை ரப்பர் பாலில் முக்கி, காது வைத்த பலூனை எடுத்தார். இன்று ‘என்ன தீம்?’ என்று கேட்டுக் கடையில் தருகிற சிங்கம், யானை பலூன்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அட்டைப் பூனை எனக்கு நினைவுக்கு வரும்.

‘தீம்’ என்ற சொல்தான் புதிது; பிறந்தநாளுக்கென்று தனி உடுப்பும் நிறமும் வைப்பது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். அரசனின் பிறந்தநாளைப் பாடுவதைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்று தனித் துறையாகவே வைத்திருக்கிறது. அன்று அரசன் வெள்ளணி அணிவான். சிறைப்பட்டவர்களை விடுவிப்பதும் போரை நிறுத்துவதும் அன்றைக்குச் செய்பவை என்று உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி அரசன் வெள்ளையில் வந்து நிற்பதை இப்போதும் என்னால் கண்ணுக்குள் கொண்டுவர முடிகிறது. தஞ்சையில் ராஜராஜனுக்கு இன்றும் அவர் பிறந்த ஐப்பசிச் சதயத்தில்தான் விழா. நாள் என்றால் நட்சத்திரம், அவ்வளவுதான்.

சாதாரண வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. வயது ஒன்று நிறைந்தால் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. சில வீடுகளில் ஆயுஷ்ஹோமம். அதற்கப்புறம் வருஷா வருஷம் மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில் எண்ணெய் தேய்த்துக் குளியல், கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை, வீட்டில் பாயசம். இங்கிலீஷ் தேதியை யாரும் கணக்கில் வைக்கவில்லை. பள்ளியில் சேர்க்கப் போனால் தலைமை ஆசிரியர் வயதைக் கூட்டிக் கழித்து மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதி போட்டுவிடுவார். எங்கள் தெருவில் பெரியவர்கள் பாதிப் பேருக்கு ஜூன் மாதப் பிறந்தநாள்தான். 1969-ல் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்து, பிரசவமும் ஆஸ்பத்திரிக்கு மாறிய பிறகே சரியான தேதி வீட்டுக்கு வீடு கையில் கிடைத்தது. அந்தத் தேதிக்குத்தான் கேக்கும் பலூனும் வந்தன.

கேக் நம் பக்கம் வந்த வழி தனிக் கதை. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883-ல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதற்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார். வடசென்னையில் பெரம்பூர் ரயில்வே ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கேக் சுடுவது சகஜம். மற்ற வீடுகளுக்குப் பேக்கரி வழியாக வந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பிறந்தநாள் என்றால் கூடத்தை ஜோடிப்பதுதான் பெரிய வேலை. கலர் பேப்பரை முறுக்கி நான்கு மூலையிலிருந்தும் ஃபேன் கொக்கிக்கு இழுத்துக் கட்டுவோம். ஒட்டுவதற்கு மைதா பசை காய்ச்சுவார் அம்மா. துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி வராது. நடுவில் ஒரு பெரிய பலூன். அதற்குள் மிட்டாயும் ஜிகினாத் துண்டும் போட்டு ஊதியிருக்கும். கேக் வெட்டியதும் ஊசியால் குத்த, தலைமேல் கொட்டும். நாம் மூவர் படத்துப் பிறந்தநாள் பாட்டு 1966-லிருந்து இந்தக் கூடங்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. காகிதத் தட்டில் கேக், கேசரி, மிக்சர், சிப்ஸ். வந்த பிள்ளைகள் கையில் ஒரு பென்சில்.

‘தீம்’ என்ற பேச்சு எங்கள் தெருவுக்கு வந்தது டி.வி. வழியாக. சுட்டி டி.வி. 2007-ல் தொடங்கி, டோரா தமிழில் பேச ஆரம்பித்ததும், பெண் குழந்தைகளுக்கு டோரா பிறந்தநாள் வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் சோட்டா பீம் வந்தது; பையன்கள் பீம் தின்கிற லட்டுக்காக அழுதார்கள். பேனர் அடித்தார்கள், தெர்மாகோலில் பெயர் வெட்டினார்கள். இப்போது பெட்டியில் எல்லாமே செட்டாக வருகிறது.

இதை வெறும் டி.வி. மோகம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் பார்க் வைக்கிற வீடுகளைப் பாருங்கள். ஒரு வாரம் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தெளித்து, முளைத்ததைப் புல்தரையாக்குவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். அதில் வாத்து நீந்தும். செங்கல் பொடி பாதையாகும். மாலையில் குழந்தைகளுக்கு ஆண்டாள், கிருஷ்ணன் வேஷம் கட்டிப் பாடச் சொல்வார்கள். ஒரு கற்பனை உலகத்தை வீட்டுக் கூடத்தில் கட்டி, குழந்தையை அதற்குள் நிறுத்துகிற வேலை நம் பெண்களுக்குக் கை வந்த கலை. டோரா வந்தபோது அந்தக் கைகள்தான் அவளுக்கும் காடு கட்டின. இதை யாரும் சரித்திரமாக எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இந்த வருஷம் என் பேரனுக்கு நாலு வயது முடிந்தது. “அத்தை, இவனுக்குக் கடல் தீம் வேணுமாம். செட்டு வாங்கிடவா?” என்றாள் மருமகள். கடல் தெருமுனையில் இருக்கிறது, செட்டு எதற்கு? குப்பத்தில் எனக்குத் தெரிந்த அக்கா கிழிந்த வலை ஒன்றைக் கொடுத்தார். துவைத்துக் காயப்போட்டும் உப்பு வாசனை போகவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. சுவரில் நீலப் புடவையைக் கட்டி, அதன்மேல் வலையை விரித்தோம். அட்டையில் மீன் வெட்டினோம். கார்ட்டூன் மீன் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சங்கரா சிவப்பு, வவ்வால் அகலம், வஞ்சிரம் நீளம், நெத்திலி விரலளவு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஜெம் கிளிப். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைச் சின்னத் துண்டுகளாக்கி நூலில் கட்டி, குச்சியில் தொங்கவிட்டால் தூண்டில் ஆயிற்று. பிடித்த மீனின் பேரைச் சொன்னால் அந்த மீன் அவர்களுக்கே. பேர் தெரியாத பிள்ளைகளுக்குத் தெரிந்த பிள்ளைகள் காதில் சொல்லிக் கொடுத்தார்கள். குப்பத்து அக்காவின் பேத்தி ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்குக் கூடத்தில் பெரிய படிப்பாளி அவள்தான்.

சாப்பிடக் கடற்கரையில் கிடைக்கிற தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், காகிதப் பொட்டலத்தில். கேக் மட்டும் பேக்கரியில் சொன்னோம். பலூன் நீலமும் வெள்ளையும். பேரன் ஒன்றை எடுத்து, “ஆயா, இது எங்க செஞ்சது?” என்றான். கொட்டகைக் கதையைச் சொன்னேன். கேக்கை மறந்துவிட்டு, அந்த இடத்தை இப்போதே காட்டு என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றான்.

எதிர் வீட்டுப் பையனுக்குத் தை மாதம் பிறந்தநாள் வருகிறது. அவனுக்கு ரயில் வேண்டுமாம். அட்டைப்பெட்டி சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.