மருந்து கொடுக்கும் கையும் மனமும்

இனிப்பு நீர் என்ற சொல் கேட்காத இந்தியர் வீடு இந்நாட்டில் அரிது. அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மருத்துவர் சில நிமிடம் பேசுவார். கடைசியாக நம்மைப் பார்த்து மருந்துப் பையைக் கையில் கொடுப்பவர் மருந்தாளர். அவர் மாணவராக இருந்தபோது இந்நோயைப் பற்றி என்ன கற்றார்? நோயாளியை எந்த மனத்தோடு பார்க்கக் கற்றார்? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் பினாங்குக்கும் இடம் உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு உணவைக் குறைத்துப் பட்டினி போடுவதே வைத்தியமாக இருந்தது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அது சரியாகப் பலிக்கவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் மருந்தைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தார். 23ஆம் நாள் மீண்டும் போட்டபோது சர்க்கரை இறங்கியது. சாவின் வாசலில் கிடந்த அந்தப் பையன் மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். மருந்தைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது, அதைத் தரமாகத் தயாரிக்கவும் வேண்டும் என்பது மருந்தியல் மாணவர்களுக்கு இதில் கிடைக்கும் பாடம்.

இந்நோயில் இன்சுலினுக்கு நன்கு கட்டுப்படுவது, கட்டுப்படாதது என்று இரு வகை உண்டு என்பதை 1936ஆம் ஆண்டு ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் எடுத்துக்காட்டினார். 1957ஆம் ஆண்டு பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மெட்ஃபோர்மின் மருந்தின் பயனை வெளியிட்டார். இன்று நம்மில் பலர் சாப்பிடும் மாத்திரை அதுதான். தமிழ்நாட்டிலும் டாக்டர் எம். விசுவநாதன் 1954ஆம் ஆண்டு சென்னை ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, பின்னர் இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனையாயிற்று.

மாத்திரை வந்ததும் ஓர் அலட்சியமும் கூடவே வந்தது. "எனக்கு லேசான இனிப்பு நீர்தான், ஊசி இல்லை, வெறும் மாத்திரை" என்று சொல்வோர் இன்றும் உண்டு. இந்த எண்ணம் தவறு என்பதை 1998ஆம் ஆண்டு வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வு அது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம் போன்றவற்றில் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு வரும் கேடு சுமார் கால் பங்கு குறையும் என்று தெரிந்தது.

அதே 1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனப்பாங்கை அளக்கும் 33 கூற்றுகள் கொண்ட வினாத்தாளின் புதிய பதிப்பை வெளியிட்டனர். மருத்துவத் துறையினருக்குத் தனிப் பயிற்சி தேவையா, மாத்திரை நோயாளியின் நோயும் கடுமையானதா, கட்டுப்பாட்டால் பயன் உண்டா, நோய் மனத்தை எப்படிப் பாதிக்கிறது, முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டா என ஐந்து பகுதிகள். மாணவரிடம் "தெரியுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "என்ன நினைக்கிறாய்?" என்றும் கேட்க வேண்டும் என்பது இதனால் உறுதியானது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்நாட்டுப் பிள்ளைகள் மருந்தியல் படிக்கச் சிங்கப்பூருக்கோ கடல் கடந்தோ போக வேண்டியிருந்தது. 1969ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1972ஆம் ஆண்டு நாட்டின் முதல் மருந்தியல் கல்விப் பிரிவைத் திறந்தது. பிரிட்டிஷ் படை முகாமாக இருந்த மிண்டன் வளாகம் மருந்தாளர்களை உருவாக்கும் இடமாயிற்று. பின்னர் அரசாங்க மருத்துவமனைகளில் மருந்தாளர்களே இனிப்பு நீர் நோயாளிகளோடு உட்கார்ந்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வழிகாட்டும் தனிக் கிளினிக்குகளும் வந்தன.

நாட்டின் நிலை என்ன? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் விகிதம் 15.6ஆகக் குறைந்தாலும், நாம் நிம்மதியடைய இடமில்லை.

மருந்தியல் மாணவர் மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு சாப்பிடச் சொல்வார். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால், "வாயைக் கட்டாததால்தானே இந்த நிலை?" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எதிரில் நிற்கும் அம்மா வாயை மூடிக்கொள்வார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடிப்பதைச் சொல்லமாட்டார். தைப்பூச விரதத்தில் மருந்தை என்ன செய்வது என்று கேட்கமாட்டார். ஊசி என்றால் அவருக்குள்ள பயமும் வெளியே வராது. மாணவரின் அறிவெல்லாம் அந்த மேசைக்கு அப்பால் போகாமல் நின்றுவிடும்.

எனவே, மருந்தியல் படிக்கும் பிள்ளைகளே, முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். முடிந்தால் தமிழில் கேளுங்கள். பெற்றோர்களே, பெரியவர்களே, மருந்துப் பையை வாங்கியதும் திரும்பி நடக்காதீர்கள். ஒரு கேள்வியாவது கேளுங்கள். பதில் சொல்லத்தான் அவர் படித்திருக்கிறார்.