சூளையும் அச்சும்: தமிழ்நாட்டில் சுதந்திர நிரலாளர் தொழில் வளர்ந்த வரலாறு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மையும் அகல் விளக்கும் ஃப்யூஸ் கேரியரும் செய்து ஜீவனம் நடத்துகிற சிறு பட்டறைக்காரர்களின் நிலைமையை ஆராய்கிறவர்களுக்கு முதலில் புலப்படுகிற விஷயம் ஒன்றுண்டு. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிக் கொண்ட பின்னர் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, உட்புறம் பொள்ளலாக நிற்கிற பொம்மையைப் பதமாக எடுத்து, ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரத்துணியால் துடைத்துக் காய வைப்பது வரையில் எல்லாம் பட்டறைக்காரருடைய வேலை. ஆனால் அந்தப் பொம்மையை ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டெடுக்கிற சூளை, அவர்களில் பலருக்குச் சர்க்கார் வைத்த பொதுச் சூளையாகவே இருந்து வந்திருக்கிறது. அச்சு தம்முடையதாகவும் சூளை பிறருடையதாகவும் இருக்கிற இந்த ஏற்பாட்டில் அவர்கள் சிரமப்பட்டிருக்கலாம். எனினும் அவர்களை ஒருவரும் கூலிக்காரர் என்று சொல்வதில்லை.

பீங்கான் தொழிலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மங்களூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த இளைஞர் ஒருவர், உத்தியோகம் தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறாமல், கணினிக்கு நிரல் எழுதுவதையே சுதந்திரத் தொழிலாகக் கொண்டு மனநிறைவுடன் வாழ முடியுமா என்ற கேள்வி இப்போது சாதாரணமாகக் கேட்கப்படுகிறது. இக்கேள்வி எழுவதற்கே எழுபதாண்டு வரலாறு தேவைப்பட்டது. அந்த வரலாற்றில் நிரலாளரின் சூளை எது, அச்சு எது, எந்தக் காலத்தில் எது யார் கையில் இருந்தது என்று பார்ப்பதே இங்கு எடுத்துக் கொண்ட காரியம்.

கணினி யந்திரங்கள் வியாபாரத்துக்கு வந்த ஆரம்ப காலத்தில் நிரல் என்பது தனியாக விலை பேசி விற்கப்படும் சரக்காகவே கருதப்படவில்லை. யந்திரத்தை வாடகைக்கு எடுத்தவருக்கு நிரலும் கூடவே இனாமாக வந்தது. 1955-ல் அமெரிக்காவில் ஜான் ஷெல்டனும் எல்மர் குபியும் தொடங்கிய கம்ப்யூட்டர் யூஸேஜ் கம்பெனி, யந்திரம் எதையும் விற்காமல் நிரல் எழுதித் தருவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதல் ஸ்தாபனங்களில் ஒன்று. ஆயினும், 1969 ஜூன் 23-ல் ஐபிஎம் நிறுவனம் நிரலுக்கும் யந்திரத்துக்கும் தனித்தனியே விலை வைக்கப் போவதாக அறிவித்த பிறகுதான், பிறருடைய யந்திரத்துக்குத் தாம் எழுதிய நிரலை ஒருவர் விற்கலாம் என்னும் நியாயம் சந்தையில் நிலைபெற்றது.

இதற்கு ஏழாண்டு முன்னதாகவே, 1962-ல், இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற மாது ஆறு பவுன் முதலோடு ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அகதிக் குழந்தையாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர் அவர். கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் உட்கார நேர்ந்த படித்த பெண்களைத் திரட்டி, அவரவர் வீட்டிலிருந்தே நிரல் எழுதச் செய்தார். முதலில் சேர்ந்த முந்நூறு பேரில் ஆண்கள் மூன்றே பேர். தம் பெயரிட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததைக் கண்டு, ‘ஸ்டீவ்’ என்று ஆண்பெயரில் கையெழுத்திட ஆரம்பித்தார். தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் அழுகை மறுமுனைக்குக் கேட்டுவிடாதிருக்க, தட்டச்சுச் சப்தத்தை ஒலிநாடாவில் பதிந்து வைத்துப் பின்னணியில் ஓட விடுவாராம். கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இப்பெண்கள் எழுதியதே. வீட்டிலிருந்தபடி வேலை செய்வதென்பது நேற்றுப் பெய்த மழையில் முளைத்த புதுமை என்று எண்ணுகிறவர்கள் இந்த அம்மையாரின் சரித்திரத்தைப் படிப்பது நலம். அவர்களிடம் யந்திரம் இல்லை. காகிதமும் பென்சிலும் மூளையுமே இருந்தன. எழுதிய நிரல் வேறெங்கோ இருந்த யந்திரத்தில் ஓடியது.

நம் தேசத்தில் அந்நாளில் அந்த வழியும் திறந்திருக்கவில்லை. 1955-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிலையத்துக்கு முதல் யந்திரம் வந்தது. 1960-ல் பம்பாயில் டிஃப்ராக் என்னும் யந்திரம் எழுந்தது. 1963-ல் கான்பூர் ஐஐடியிலும் 1973-ல் சென்னை ஐஐடியிலும் ஐபிஎம் யந்திரங்கள் நிறுவப்பட்டன. துளையிட்ட அட்டைகளை வரிசை குலையாமல் ரப்பர் வளையத்தால் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருக்க வேண்டிய அக்காலத்தில், சர்வகலாசாலைக்கோ பெரிய ஸ்தாபனத்துக்கோ வெளியே நின்ற ஒருவர் நிரலாளராக இருக்க முடியும் என்ற எண்ணமே அசாத்தியமானது. அந்நியச் செலாவணிப் பஞ்சமும் இறக்குமதி வரியும் யந்திரம் என்னும் சூளையின் வாயிலை இறுக மூடியிருந்தன. 1968-ல் தொடங்கிய டாட்டா கன்சல்டன்ஸி சர்வீசஸ் வகுத்த பாதை, அதாவது நிரலாளரை மொத்தமாகப் பயிற்றி அந்நிய நாட்டு வேலைக்கு அனுப்பும் பாதை, அந்தச் சூழ்நிலைக்கு ஏற்ற அறிவான வழி என்பதை மறுக்க முடியாது. ஆயினும், நிரல் எழுதுவதென்றால் பெரிய கம்பெனியில் உத்தியோகம் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்றியதும் அப்போதுதான் என்பது என் அபிப்பிராயம்.

1984-ன் புதிய கணினிக் கொள்கை வரியைத் தளர்த்த, சொந்தக் கணினிகள் மெல்ல மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்து சேர்ந்தன. அரிசி ஆலைக்கும் சீட்டுக் கம்பெனிக்கும் துணிக்கடைக்கும் டிபேஸிலும் ஃபாக்ஸ்புரோவிலும் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைத்த உள்ளூர் நிரலாளர்கள் இந்தக் காலத்துக்கு உரியவர்கள். அவர்கள் வரலாற்றை எவரும் முறையாக எழுதி வைக்கவில்லை. அது பெரிய குறை. தீபாவளிக்கு முதல் வாரத்தில் பில் போடும் நிரல் நின்றுபோக, ஜவுளிக்கடை முதலாளி ஆளனுப்பி வீட்டிலிருந்து அழைத்து வரச் செய்யும் அளவுக்கு அவர்களுக்கு ஊரில் மரியாதை இருந்தது. ஆனால் ஒரு கடைக்கு எழுதியதை அடுத்த கடைக்காரர் ஃப்ளாப்பியில் பிரதி எடுத்துக் கொள்வதைத் தடுக்க அவர்களுக்கு வழியில்லை. 1986-ல் தகப்பனார் தொழிலின் கணக்குக்காகப் பரத் கோயங்கா பெங்களூரில் எழுதத் தொடங்கிய டாலி, காலக்கிரமத்தில் நாடு முழுவதும் பரவியபோது, ஊருக்கு ஒருவர் எழுதி வந்த கணக்கு நிரல்கள் வழக்கொழிந்தன. டாலியும் ஒரு குடும்பம் எழுதிய நிரல்தான். அது தன் அச்சை, அதாவது நிரலின் உரிமையை, கைவிடாமல் வைத்திருந்தது, மற்றவர்கள் கடைக்குக் கடை புதிதாக அச்சு செய்து கொண்டிருந்தார்கள்.

சுதந்திர நிரலாளர் என்ற சொல்லுக்குத் தமிழர் அளித்த சிறந்த உதாரணத்தை உத்தியோகச் சந்தையில் தேடுவதைவிடத் தமிழெழுத்தைக் கணினியில் ஏற்றிய முயற்சியில் தேடுவதே முறை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ரசாயன ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாக அளித்தார். பின்னர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டு, 1997-ல் தமிழ் இணைய மாநாடு கூடக் காரணமானார். சென்னையில் பா. விஸ்வநாதன் 2000-ஆம் ஆண்டு முதல் அழகி மென்பொருளை வளர்த்தார். முகுந்தராஜ் இ-கலப்பையைச் செய்தார். ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் என்ற தனி நிரலாளர் உருவாக்கிய கீமேன் அதற்கு ஆதாரமாயிற்று. ஜெர்மனியில் சுரதா யாழ்வாணன் எழுத்துமுறை மாற்றும் கருவிகளை அளித்தார்.

இவர்களுடைய காரியத்தின் அருமையை அந்தக் காலத்தில் தமிழ்க் கடிதம் ஒன்றை மின்னஞ்சலில் பெற்றவர்களே அறிவார்கள். ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டிய ‘அன்புள்ள’ என்னும் சொல், வேறு எழுத்துரு வைத்திருப்பவர் திரையில் ஆங்கில எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் கோணல் கோடுகளும் கலந்த குப்பையாக வந்து விழும். ஒவ்வொரு நிரலாளரும் தமக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார். அதுவே அவர் சரக்கின் காவலாகவும் தமிழின் தடையாகவும் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் தரமாக ஏற்கப்பட்டன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இந்த ஒழுங்கு வந்ததும் எழுத்துரு விற்றுப் பிழைத்த பலரின் சந்தை சுருங்கியது என்பது உண்மை. சந்தை சுருங்கும் என்று தெரிந்தே அவர்களிற் பலர் அந்தத் தரத்துக்காக வாதாடினார்கள். அவர்களுக்குக் கிட்டிய மனநிறைவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தியாகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பேதம் இங்கே கவனிக்கத் தக்கது. கல்யாணசுந்தரத்துக்கு ஜீவனோபாயம் ரசாயனம். ஆகவே நிரலை அவர் தானமாகத் தர முடிந்தது. முத்து நெடுமாறனோ அதையே தொழிலாகக் கொண்டு, முரசு அஞ்சலிலிருந்து 2005 பொங்கலில் கைப்பேசிக்கென வெளிவந்த செல்லினம் வரையில் ஒரே துறையில் நின்றார். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துரு அவருடையது. ஒரு தனிமனிதர் தமக்குப் பிரியமான பிரச்சினையைத் தாமே தேர்ந்து, அதன் பலனின் உரிமையைத் தம்மிடமே வைத்துக் கொண்டு, தலைமுறைக் காலம் உழைத்ததற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் வேறில்லை.

இதற்கிடையில் சூளையின் விலை சரிந்துகொண்டே வந்தது. 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியதால், துளையட்டையை ஜன்னலில் நீட்டிய காலத்தில் கனவிலும் நினைத்திராத யந்திரம் விவசாயக் கூலியின் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கம் நிரலெழுதும் கருவிகளைக் காசின்றித் தந்தது. 1998-ல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவும், 2012 முதல் த. சீனிவாசன் நடத்தி வரும் கணியம் இதழும், விருத்தாசலத்துக்கு அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் கிராமத்து மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வரும் லினக்ஸ் பயனர் குழுவும் கல்லூரி வாசலுக்கு வெளியே ஒரு குருகுலத்தையே அமைத்தன. எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு இணையச் சந்தைகள் இணைவதாக 2013-ல் அறிவித்து, 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாறின. அவற்றின் வழியே கடல் கடந்த வாடிக்கையாளரும் கைக்கெட்டினார். வரிச் சட்டமும் இத்தொழிலை அங்கீகரித்தது. தகவல் தொழில்நுட்பம் 2001-லேயே குறிப்பிட்ட தொழில்களின் பட்டியலில் ஏறியிருந்தது. 2017-18 மதிப்பீட்டு ஆண்டில் அமலுக்கு வந்த 44ஏடிஏ பிரிவு, அப்போதைய விதிப்படி, வரவு 50 லட்சத்துக்கு மேற்படாதவர் அதில் பாதியை வருமானமாகக் காட்டி, விரிவான கணக்குப் புத்தகமின்றியே வரி செலுத்த வழி செய்தது.

சூளை இவ்வளவு மலிந்துபோன நாளில் அச்சு கைநழுவுகிறது என்பதே இந்த ஆராய்ச்சியில் எனக்குத் தென்பட்ட முக்கியமான விஷயம். 1957-ன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1984-ல் செய்த திருத்தத்தால் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பின் வரிசையில் சேர்த்தது. உத்தியோகத்தில் இருப்பவர் தம் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு உடன்பாடு இல்லாத வரையில், முதலாளியே முதல் உரிமையாளர் என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. தனித் தொழில் செய்கிற நிரலாளருக்கு இவ்விதி பொருந்தாது. எழுதியவரே பொதுவாக உரிமையாளர். உரிமையை மாற்ற வேண்டுமானால் எழுத்து மூலமாகக் கையெழுத்திட வேண்டும் என்றும், காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்றும் 19-ஆம் பிரிவு விதிக்கிறது. சட்டம் இவ்வளவு தூரம் நிரலாளர் பக்கம் நிற்க, நடைமுறையில் அவர் இணையச் சந்தையின் ‘ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கி, என்றென்றைக்கும் எவ்வுலகத்துக்குமாக எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மணிக் கணக்குக்குக் கூலி வாங்குகிறார். ஷெர்லியின் பெண்களும் பிறருக்காகவே எழுதினார்கள். ஆனால் பிற்காலத்தில் அவர்களுடைய ஸ்தாபனத்தின் பங்குகளைக் கணிசமான அளவுக்கு ஊழியர்களுக்கே ஷெர்லி உரிமையாக்கினார்.

அச்சைக் காத்துக் கொண்டவர்களும் இல்லாமலில்லை. லண்டனில் பிஸ்டாக் என்னும் மென்பொருள் துறையில் ஆலோசகராக இருந்த சரவணகுமார், பிறருக்குத் தனித்தனியே செய்து கொடுத்த வேலையில் திரும்பத் திரும்ப வந்த ஒரு குறையைப் பொதுவான நிரலாக்கி, 2011-ல் பிஸ்டாக்360 என்று வெளியிட்டார். அதிலிருந்து கோயம்புத்தூரின் கோவை.கோ வளர்ந்தது. 1996-ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கிய ஜோஹோ, வெளி முதலீட்டை நாடாமல் தன் நிரல்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக் கொண்டு, 2011-ல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. கிராமத்திலேயே நிரல் எழுதலாம் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிய ஏற்பாடு அது. எனினும் மத்தளம்பாறையில் எழுதுகிறவர் உத்தியோகஸ்தரே. அவருக்குச் சொந்த ஊர் கிடைத்திருக்கிறது, சொந்த அச்சு கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

மங்களூர் ஒன்றியத்துக் கிராமத்தில் உட்கார்ந்து அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுகிற இளைஞருக்கு இடைப்பட்ட வழி ஒன்றுண்டு. அந்த வேலைக்கென்றே எழுதிய நிரலை முழுவதும் மாற்றிக் கொடுப்பதாகவும், தாம் முன்னமே எழுதி வைத்திருக்கிற பொதுப் பகுதிகளுக்குப் பயன்பாட்டு அனுமதி மட்டும் தருவதாகவும் ஒப்பந்தத்தில் இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து எழுதிக் கேட்கலாம். இவ்விதப் பிரிவு அயல்நாட்டு ஒப்பந்தங்களில் வழக்கமாகக் காணப்படுவதே. கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காதவருக்கு அவர்களாக முன்வந்து கொடுப்பதில்லை.