சமஷ்டி ஆட்சியின் நலமும் குறையும்: ஸ்விட்ஸர்லாந்து தேச சரித்திரம்

பல சிறு நாடுகள் தத்தம் உள்விவகாரங்களைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, எல்லார்க்கும் பொதுவாகிய காரியங்களை ஒரு பொது அரசினிடம் ஒப்புவித்து, இவ்விரண்டற்கும் உள்ள எல்லையை எழுத்தினால் வரையறுத்துக்கொண்டு வாழும் முறைக்குச் சமஷ்டி ஆட்சி என்று பெயர். ஐக்கிய அமெரிக்க நாடுகள், கானடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி முதலிய தேசங்கள் இம்முறையில் ஆளப்படுகின்றன. இம்முறை நன்றோ தீதோ என்று பொதுப்படப் பேசுவது எளிது. பேசி முடித்தபின் கையில் ஒன்றும் நில்லாது. ஆதலின் ஒரு சிறு தேசத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே சமஷ்டி யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்தேசம் ஐரோப்பாவின் நடுவே ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையில் உள்ள ஸ்விட்ஸர்லாந்து.

அத்தேசத்தின் உட்பிரிவுகளுக்குக் காண்டன்கள் என்று பெயர். அவற்றுட் சில நம் நாட்டுத் தாலுகாவினும் சிறியன. 1291ஆம் ஆண்டில் ஊரி, ஷ்வீஸ், உண்டர்வால்டன் என்னும் மூன்று மலைநாட்டார் ஆபத்தில் ஒருவர்க்கொருவர் துணைநிற்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டனர். பின்னர் லூசர்ன், ஜூரிச், பெர்ன் முதலிய நகரங்களும் சேர, 1513இல் காண்டன்களின் தொகை பதின்மூன்றாயிற்று. இவர்களுக்குப் பொதுப் பொக்கிஷம் இல்லை. பொதுவான நியாயஸ்தலமும் இல்லை. தூதர்கள் அவ்வப்போது ஒரு சபையாகக் கூடிப் பேசிப் பிரிவர். அவ்வளவே.

1798இல் பிரெஞ்சுப் படை உட்புகுந்து, காண்டன்களின் உரிமையைத் துடைத்துவிட்டு, முழுத் தேசத்தையும் பிரிவற்ற ஒரே குடியரசென்று பிரகடனஞ் செய்தது. எல்லார்க்கும் ஒரே சட்டம், சமவுரிமை என்னும் அதன் கொள்கைகள் நல்லனவே. ஆயினும் மலைநாட்டார் அதனை ஏற்கவில்லை. கலகம் மேற்கலகமாக மூண்டது. ஐந்தாண்டுக்குள் நெப்போலியன் தன் மனத்தை மாற்றிக்கொண்டு, 1803இல் காண்டன்களை மீண்டும் நிலைநாட்டினான். தன் நாட்டில் எல்லா அதிகாரத்தையும் பாரிஸ் நகரத்தே குவித்த அவன், இவர்களை அவ்வாறு ஆளவொண்ணாதென்று கண்டுகொண்டது வியப்பே.

1815இல் காண்டன்கள் இருபத்திரண்டாயின. அக்காலத்து வியாபாரி ஒருவன் சரக்கேற்றிய வண்டியுடன் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனால், வழிநெடுகச் சாலைக்குச் சுங்கம், பாலத்திற்குச் சுங்கம். காண்டன் மாறினால் நாணயம் வேறு, எடை வேறு, அளவு வேறு. இவ்வருத்தத்தோடு மதப்பிணக்கும் சேர்ந்தது. பிராடஸ்டண்டு காண்டன்களிற் பல, மத்திய அரசு வலுக்கவேண்டுமென்றன. கத்தோலிக்கக் காண்டன்கள் ஏழு, வலுத்தால் தம் சமயத்திற்கும் வழக்கங்களுக்கும் கேடு வருமென்றஞ்சி, 1845இல் தமக்குள் தனிக் கூட்டணி செய்துகொண்டன. 1847 ஜூலையில் பொதுச் சபை அக்கூட்டணியைக் கலைக்கும்படி கட்டளையிட்டது, அவை இணங்கவில்லை. நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது.

இப்போரைச் சற்றே விரித்துச் சொல்லவேண்டும். பொதுச் சபையின் படைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் ஜெனீவாவைச் சேர்ந்த தூஃபூர் என்பவர். எதிரியின் காயம்பட்டவர்களையும் நம்மவரைப் போலவே பேணுக, சிறைப்பட்டோரைத் துன்புறுத்தற்க என்று அவர் தம் வீரர்க்குக் கட்டளையிட்டார். ஒரு மாதம் நிரம்புமுன் போர் முடிந்தது. இருதரத்தும் இறந்தோர் ஏறக்குறைய நூறு பேரே. (1863இல் ஜெனீவாவில் தோன்றிப் பிற்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்த கமிட்டிக்கு முதல் தலைவராக இருந்தவரும் இவரே.) வென்றவர்கள் அடுத்த ஆண்டு எழுதிய அரசியல் சட்டம் அப்போரினும் போற்றத்தக்கது. நாணயம், தபால், எல்லைச் சுங்கம், அயல்நாட்டுறவு ஆகியன மத்திய அரசுக்கு உரியவாயின. கல்வி, போலீஸ், ஏழைகளைப் பேணுதல் முதலியன காண்டன்களிடமே நின்றன. சட்டசபை இரண்டாயிற்று: ஒன்றில் ஜனத்தொகைக்கேற்ற பிரதிநிதிகள், மற்றொன்றில் பெரிதாயினும் சிறிதாயினும் காண்டனுக்கு இருவர், பாதிக் காண்டனாயின் ஒருவர். தோற்ற காண்டன்களுக்கும் இதே கணக்குத்தான். தோற்றவன் கையிலிருந்து வாக்கைப் பறிப்பதே உலக வழக்கமாயிருக்க, இவர்கள் அவனுக்கு நாற்காலியிட்டு அமர்த்தினர். ஆயினும் மந்திரி சபையின் ஏழு இடங்களுள் ஒன்றில் கத்தோலிக்கக் கட்சியார் ஒருவர் அமர 1891 வரையில் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

சமஷ்டியின் முதல் நலம் இங்கே தெரிகிறது. எண்ணிக்கையிற் சிறுத்தவன் எப்போதும் தோற்றுக்கொண்டேயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தன் வீட்டுக்குள் அவனே பெரும்பான்மை. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழி பேசுவோர் ஒரே தேசமாக வாழ்வதற்கும், மிகச்சிலர் பேசும் ரோமான்ஷ் மொழி 1938இல் தேசிய மொழியாக ஒப்புக்கொள்ளப்பட்டதற்கும் இம்மனப்பான்மையே காரணம். ஜூரா என்னும் பிரெஞ்சு மொழிப் பிரதேசம் 1815இல் பெர்ன் காண்டனோடு அதன் விருப்பம் கேளாமலே சேர்க்கப்பட்டது. நெடுநாள் குமுறலுக்குப் பின் அங்குள்ளோர் 1974இல் தனிக் காண்டன் வேண்டுமென்று வாக்களித்தனர். 1978இல் தேசமுழுதும் அதற்கு இசைந்தது. 1979 ஜனவரி முதல் நாள் ஜூரா தனிக் காண்டனாயிற்று. வேறு பல தேசங்களில் இத்தகைய எல்லைக்கோடு இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் நலம், சிறிய இடத்தில் ஒரு சட்டத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது. கிளாருஸ் என்னும் சிறு காண்டனில் நூற்பாலைகளும் சாயப்பட்டறைகளும் மிகுதி. அங்கே ஆண்டுக்கொருமுறை வாக்குரிமையுடையோர் வெளியிடத்தில் கூடிக் கையுயர்த்திச் சட்டம் செய்வது வழக்கம். 1864இல் அச்சபை, ஆலைத் தொழிலாளியை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கலாகாதென்று விதித்தது. தொழில் அழியும் என்று முதலாளிகள் கூவினர்; தொழில் அழியவில்லை. பதின்மூன்றாண்டு கழித்து, 1877இல், பதினோரு மணி நேரமே வேலையென்றும், பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலையில் அமர்த்தலாகாதென்றும் தேசமுழுதுக்கும் சட்டம் வந்தது. ஒற்றையாட்சியாயிருந்தால் கிளாருஸ் தொழிலாளி தலைநகருக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பான்.

நிற்க. குறைகளைக் காண்போம். 1852இல் இருப்புப்பாதை போடும் அனுமதியைக் காண்டன்களுக்கும் தனிக் கம்பெனிகளுக்கும் விட்டனர். அதனால் விளைந்த குழப்பம் பெரிது. 1898இல் ஜனங்களே வாக்களித்து ரயில்களைத் தேசவுடைமையாக்கினர். இது பணத்தோடு போன குறை, நீளப் பேசவேண்டியதில்லை.

அரசியல் சட்டத்தைத் திருத்த, ஜனங்களில் பெரும்பான்மையும் காண்டன்களில் பெரும்பான்மையும் ஒருங்கே வேண்டும். ஊரியில் நாற்பதினாயிரம் பேர்கூட இல்லை. ஜூரிச்சில் பதினைந்து லட்சத்திற்கு மேல். இக்கணக்கில் இரண்டும் ஒன்றே. 2013 மார்ச்சில், உத்தியோகத்தையும் குடும்பத்தையும் சேர்த்து நடத்துவதற்கு அரசு துணைபுரிய வேண்டுமென்னும் பிரேரணைக்கு நூற்றுக்கு ஐம்பத்துநான்கு பேர் இசைந்தும், காண்டன்களிற் பெரும்பான்மை எதிர்த்தமையால் அது வீழ்ந்தது. சிறியோரைக் காக்க வைத்த வேலி பெரியோரின் வழியை அடைக்கிறதே என்பர் சிலர். வேலியென்றால் அப்படித்தான் இருக்கும் என்பது எம் கருத்து. இதனையும் பெருங்குறையென்று யாம் கருதவில்லை.

பெருங்குறை வேறு. காண்டனின் உரிமையைக் காக்கும் அதே சுவர், காண்டனுக்குள் இருக்கும் எளியோரின் கூக்குரல் வெளியே கேளாதபடியும் மறைக்கிறது.

அப்பென்ஸெல் உள்நாடு என்னும் பாதிக் காண்டனில் ஆடவர் இடுப்பில் உடைவாளோடு பொதுச் சபைக்கு வருவர். அவ்வாளே அவர்க்கு வாக்குச்சீட்டு. 1971இல் தேசியத் தேர்தல்களில் மகளிர்க்கு வாக்குரிமை வந்தது. அதுவே மிகத் தாமதம். அதன்பின்னும் காண்டன் விவகாரங்களில் மகளிர் வாக்களிப்பது அவ்வக் காண்டனின் விருப்பமாக விடப்பட்டது. இதனால் அப்பென்ஸெல் பெண்ணொருத்தி தேசத்தின் சட்டசபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். தன் ஊர்ச் சாலையைப் பற்றிக் கையுயர்த்தலாகாது! 1990 ஏப்ரலிலும் அவ்வாடவர் கூடி, முடியாதென்று கையுயர்த்தினர். அவ்வாண்டு நவம்பரில் தேசத்தின் தலைமை நியாயஸ்தலம் தலையிட்ட பின்னரே, 1991 முதல், மகளிர் அச்சபையில் நின்றனர்.

மத்திய அரசு வலுத்தால் நீதி தானே வந்துவிடும் என்று இதனால் முடிவு செய்வதும் தவறு. குடிபெயர்ந்து விரும்பிய ஊரில் வாழும் உரிமையைக் கிறிஸ்தவர்க்கு மட்டும் அளித்து, யூதரை விலக்கியது 1848ஆம் ஆண்டின் தேசிய அரசியல் சட்டமேயாகும். 1866இல்தான் அது திருத்தப்பட்டது; அதற்கும் பிரான்சு முதலிய அயல்நாடுகளின் நெருக்குதல் வேண்டியிருந்தது.

ஆயினும் மிகக் கொடிய துன்பம் ஊர்ச்சபைகளின் கையில் நேர்ந்தது. ஸ்விட்ஸர்லாந்தில் ஒருவன் பிறந்த ஊரும் வாழும் ஊரும் எதுவாயினும், அவன் முன்னோர் எவ்வூராரோ அவ்வூரே அவனுக்குப் பூர்விக ஊர். அது தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிவந்தது. நம்மவர் ஒருவரையொருவர் சந்தித்தால் பூர்விகம் எதுவென்று வினவுவது போன்றதே. ஆனால் அங்கே அது சட்டம். வறுமையுற்றவனைப் பேணும் கடன் நெடுங்காலம் அவன் பூர்விக ஊருக்கே உரியதாயிருந்தது. ஊர்ப்பொக்கிஷமோ சிறிது. ஆகவே அநாதைகளையும், ஏழைகளின் குழந்தைகளையும், மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்களையும் உழவர் வீடுகளில் விட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் இது ஏலமாகவே நடந்தது. மிகுதி கேட்டவனுக்கு விடும் ஏலமன்று. இக்குழந்தையை வைத்துக்கொள்ள ஊரிடமிருந்து யார் மிகக் குறைந்த தொகை கேட்கிறானோ அவனுக்கே குழந்தை. அவர்களிற் பலர் கூலியின்றி உழைத்தனர். பலர் தொழுவத்தில் உறங்கினர், அடியுண்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் இவ்வழக்கம் நின்றபாடில்லை. மேற்பார்வை காண்டனுக்குக் காண்டன் வேறு. சில இடங்களில் பெயரளவே. வளர்ப்புக் குழந்தைகளைப் பற்றிய தேசிய விதிகள் 1977இல்தான் எழுந்தன.

இதனைச் செய்தவர் யார் என்று கேட்டால் விடை எளிதன்று. ஊர்ச்சபை, காண்டன் சட்டப்படியே செய்தோம் என்னும். காண்டன், ஏழைகளைப் பேணுதல் ஊரின் கடனென்னும். மத்திய அரசு, அவ்வதிகாரம் எமக்குத் தரப்படவில்லையே என்னும். அதிகாரத்தைப் பகுக்கையில் பழியும் பகுபட்டு, பிறகு ஒருவர் கையிலும் அகப்படாமல் மறைந்துவிடுகிறது. பெர்ன் நகரில் 2013 ஏப்ரல் 11ஆம் நாள், முதிர்ந்து தளர்ந்த அக்குழந்தைகளின் முன்னே, மத்திய நீதி மந்திரி சிமோனெட்டா சொம்மருகா அம்மையார் அரசின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம், துன்புற்றவர்க்குத் தலைக்கு 25,000 பிராங்கு அளித்தது. ஒன்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். எத்தனையோ பேர் அதற்கு முன்பே இறந்துபோயினர். அந்நிதியின் பெரும் பகுதியை மத்திய அரசே ஏற்றது. காண்டன்கள் விரும்பினால் தம் பங்கைச் செலுத்தலாம் என்று அச்சட்டத்தில் எழுதியிருக்கிறது.