எந்தத் தெரு? முதலெழுத்துகளின் சாதி குறித்துச் சில குறிப்புகள்

எம்.ஏ. தமிழ் படிக்கச் சென்னைக்கு வந்த புதிதில், மயிலாப்பூர்க் குளத்தருகே நின்ற பேருந்தின் பலகையைப் பார்த்து, "தி நகர் போகுமாண்ணே?" என்று கேட்டேன். கண்டக்டர் சிரித்துவிட்டார். "டி.நகர் தானே? ஏறு, ஏறு." எழுத்தில் தி, வாயில் டி. இரண்டுக்கும் நடுவே ஒரு வரலாறு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மயிலாப்பூர் 'மயிலை' ஆனது வேறு வழியில். வாயில் புழங்கித் தேய்ந்த பெயர் அது. நன்னூல் இதை மரூஉ என்று இயல்பு வழக்கில் சேர்க்கும். தி.நகர் அப்படித் தேய்ந்ததல்ல. கோப்பிலும் பெயர்ப்பலகையிலும் வெட்டப்பட்ட பெயர். நீதிக்கட்சி ஆட்சி நடந்த 1920களில் மாம்பலத்துப் பக்கம் ஒரு குடியிருப்பு திட்டமிடப்பட்டபோது, 1925இல் இறந்த பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பிராமணரல்லாதார் இயக்கத்தின் மூலவர்களில் ஒருவர் இன்று பேருந்துப் பலகையில் ஓர் எழுத்து.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. அதனால் பி.பி.சி.யை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேடார் போன்றவை மட்டும் சொல்லாகிவிடுகின்றன. தமிழில் உயிர்மெய்யின் பெயரே அதன் ஒலி. தி.மு.க. என்று புள்ளி வைத்து எழுதினாலும் 'திமுகவுக்கு' என்று வேற்றுமை உருபு ஏற்று நிற்கிறது. முதலெழுத்துச் சுருக்கம் தமிழில் எளிதாகப் பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. ஒரு நூற்றாண்டாக நாம் ஆட்களையே முதலெழுத்துகளால் அழைத்துவருவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

உ.வே.சா., திரு.வி.க., ம.பொ.சி. ஊர், தந்தை, தன் பெயர் என்ற வரிசை. ம.பொ.சி.யின் 'ம' மயிலையைக் குறிக்கிறது. மரூஉவும் ஓர் எழுத்தாகக் குறுகிவிட்டது. இங்கு கவனிக்க வேண்டியது, இவற்றில் எது இல்லை என்பது. ஐயர் இல்லை, முதலியார் இல்லை, கிராமணியார் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை எழுதுவது மெல்ல மெல்லக் கூச்சமாயிற்று. மிஞ்சியது பெயரும் இனிஷியலும். இது சின்னச் சாதனையில்லை.

ஆனால் முதலெழுத்து எதையும் அழிப்பதில்லை, மடித்து வைக்கிறது. உ.வே.சா.வின் 'வே'யை விரித்தால் வேங்கடசுப்பையர். பட்டம் உள்ளேயே இருக்கிறது. வை.மு.கோ.வில் வை.மு. என்பது கோதைநாயகி மணம் புகுந்த குடும்பத்தின் எழுத்துகள்; அவருடையது 'கோ' மட்டும்தான்.

தெருக்களுக்கும் இதுவே நேர்ந்தது. 1970களின் கடைசியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சென்னைத் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்கள் நீக்கப்பட்டன. தி.நகரில் கோபதி நாராயணசாமி செட்டியின் பெயரிலிருந்த சாலை ஜி.என். சாலை ஆயிற்று. பலகை மாறியது, வாய் மாறவில்லை. ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் ஜி.என். செட்டி ரோடு என்றுதான் சொல்கிறோம். ஆக, சாதிப்பெயர் நிலைத்துவிட்டது. மறந்துபோனது நாராயணசாமி என்ற மனிதர்தான். 2025 அக்டோபரில் தெரு, குடியிருப்புப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசு மீண்டும் ஆணையிட்டது. அதே மாதம் கோவையில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர். நாயுடுவை எடுத்துவிட்டு வெறும் ஜி.டி. என்றால் யாருக்குத் தெரியும் என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியே ஒன்றை ஒப்புக்கொள்கிறது: சிலருக்குச் சாதிப் பட்டமே முகவரி.

வேறு சிலருக்கு? 'காலனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கிராமங்களில் அது சேரியின் இன்னொரு பெயர்; அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். மயிலாப்பூரிலோ சி.ஐ.டி. காலனி வசதியானவர்களின் விலாசம். சி.ஐ.டி. என்பது சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட். 1961இல் வீட்டு வசதி வாரியம் வந்தபோது அந்த டிரஸ்ட் இல்லாமல் போயிற்று. செத்துப்போன ஓர் அலுவலகத்தின் மூன்று எழுத்துகள் முன்னால் நிற்பதால் அதே சொல் கௌரவப்பட்டுவிடுகிறது. முன்னால் எழுத்தில்லாத காலனிக்காரன் வெறும் காலனிக்காரன்.

இதை நான் கோட்பாடாக மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் மரியாதையானவர், காபி கொடுத்தார். பெயரைச் சொன்னேன்.

"இனிஷியல் எதுக்கு சார்?"

அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்குப் போதவில்லை, எந்தச் சாதியிலும் வைக்கக்கூடிய முருகன் பெயர் அது.

"சொந்த ஊர்?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

நான் காபியைக் குடித்து முடித்தேன். வீடு ஏற்கெனவே பேசி முடிச்சாச்சாம் என்று மறுநாள் புரோக்கர் வந்து சொன்னார்.

1929 தீர்மானத்தின் வாரிசுதான் அந்த வீட்டுக்காரரும். அவர் பெயருக்குப் பின்னாலும் சாதி இல்லை. அவரிடம் எந்தத் தெரு என்று கேட்பாரும் இல்லை. ஒடுக்கியவனுக்கு முதலெழுத்து, தன் சாதியை மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள ஒரு வசதி. ஒடுக்கப்பட்டவனுக்கு அது ஒதுங்க ஒரு தாழ்வாரம். யாரும் எப்போதும் வந்து விரிக்கச் சொல்லலாம்.

"சாதி வேண்டாங்கிறீங்க, அப்புறம் எஸ்.சி., எம்.பி.சி. எதுக்கு?" என்று சிரிக்கிற நண்பர்களுக்கும் இதுவே பதில். 1921இன் வகுப்புவாரி ஆணை முதல் 1989இல் வந்த எம்.பி.சி. பிரிவு வரை, அந்த எழுத்துகள் ஒளித்து வைப்பவை அல்ல, கணக்குக் கேட்பவை. விண்ணப்பத்தில் அவற்றை நான் கூச்சமின்றி எழுதுகிறேன். பெயருக்குப் பின்னால் சாதி போடாதவர்கள், என் இனிஷியலை விரிக்கச் சொல்லும்போதுதான் எனக்குப் பேச்சு நின்றுபோகிறது.

பலகைகளை மாற்றட்டும். ஜி.என். என்றால் யார், அவர் காலத்தில் அந்தச் சாலையில் யார் வீடு கட்ட முடிந்தது, யார் முடியவில்லை என்பதையும் நாம் எழுதிவைப்போம். அதுவரை தி.நகர் பேருந்தில் தொங்கியபடி நான் எனக்குள் விரித்துப் படித்துக்கொள்கிறேன்: தியாகராய நகர்.